குடை மாமா

ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

இங்கே மூவரும் சுகம். உன் முழங்கால் மாடிப்படியை மன்னித்துவிட்டதா?

நேற்று மாலை, குடும்பத்தினர் அனைவரும் கூடியிருந்த வேளையில், கேமராவின் தலையிலிருந்து ஃப்ளாஷைக் கழற்றிவிடுவது என்று நான் முடிவெடுத்தேன். அனைவரும் என்றால், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியும் போனிலிருந்து கண்ணை எடுக்காத மகள் குட்டியும். முடிவை எழுந்து நின்று அறிவித்தேன். கையிலிருந்த வெங்காயம் உரித்து முடிந்தது. பிறகு என் மனைவி கேட்டாள்: "கழட்டினதை எங்க வைப்பீங்க?"

நியாயமான கேள்வி. பதில் நீ சிபாரிசு செய்த அந்த இணைய வகுப்பில் இருக்கிறது. அதை நடத்துபவரை எல்லோரும் ஒளி வாத்தியார் என்கிறார்கள். முகத்துக்கு நேரே வெளிச்சத்தை அடித்தால் எவரும் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரிதான் இருப்பார்கள் என்கிறார் அவர். ஃப்ளாஷைத் தனியாக ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, பக்கவாட்டில் நிறுத்தி, முன்னால் வெள்ளைக் குடை ஒன்றை விரித்துவைத்தால் மனித முகம் மனித முகமாகவே வரும். கேமராவின் மேல் ட்ரிகர் என்று ஒரு சின்னப் பெட்டி. இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே விளக்கு எரியும். எங்கள் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் ஏதாவது நடப்பதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

ஸ்டாண்டுக்கு இடம் வேண்டும். பின்னறை உனக்காக ஒழித்துவைத்தது. அத்தான் போனபிறகு நாங்கள் இரண்டு தடவை கூப்பிட்டோம். எழுத்து வேலை கிடைத்திருக்கிறது, யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று இரண்டு தடவையும் மறுத்துவிட்டாய். ஆகவே கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்துவிட்டேன். உனக்கு ஆட்சேபணை இருந்தால் எழுது. நீ கேட்டுக்கொண்டபடி போனில் சொல்லாமல் எல்லாவற்றையும் எழுதியே தெரிவிக்கிறேன்.

உன் தம்பி


ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் மன்னிக்கவில்லை; தவணை கொடுத்திருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

கட்டிலைத் தாராளமாகச் சாய்த்துக்கொள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. அச்சகத்தில் முப்பது வருடம் அடுத்தவன் பிழையைத் திருத்தினேன். இப்போது ஒருவர் பேசவேண்டியதை நான் எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் வராது, வாடகைக்குக் குறைவில்லாமல் சம்பளம் வருகிறது. கழுதை போகட்டும், அது பெரிய கதை இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துச் சிரித்தேன். ஆனால் பாதியில் விட்டுவிட்டாயே! "எங்க வைப்பீங்க" என்று கேட்டவள், அதற்கப்புறம் என்ன சொன்னாள்? குட்டி நிமிர்ந்தே பார்க்கவில்லையா? விவரமாக எழுது. போனில் "எல்லாம் சரி"ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவே. பேனா எடுத்தால்தான் நீ வாய் திறக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளிச்சத்தையே உற்றுப் பார்க்காதே.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

கண் நன்றாக இருக்கிறது. மானம்தான் சற்றுச் சுகமில்லை.

எங்கள் மேலாளர் மாற்றலாகிப் போகிறார். அவர் படத்தைச் சுவரில் மாட்டவேண்டும் என்று பிரிவு தீர்மானித்தது. எடுக்கும் பொறுப்பு எனக்கு. அவர் அறையிலேயே விளக்கை நிறுத்தி எடுத்தேன். மூக்குக்குக் கீழே முழுவதும் கறுப்பு. ஷட்டர் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டிவிட்டால், ஃப்ளாஷ் எரிகிற நேரத்தில் ஷட்டரின் திரை பாதியை மறைத்துக்கொண்டிருக்குமாம். இதை வாத்தியார் மறுவாரம் சொன்னார். மேலாளர் வாய் இல்லாமல் வந்த முதல் படம் என்பதால் பிரிவில் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள்.

இரண்டாம் முயற்சி மொட்டை மாடியில். மேலாளர் டை கட்டி, வயிற்றை உள்ளே இழுத்து நின்றார். நான் குனிந்து கோணம் பார்த்த நொடியில் காற்று வந்தது. குடை ஸ்டாண்டை விட்டுக் கிளம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. மேலாளர் வயிற்றை விடாமலே சொன்னார், "சார், உங்க வெளிச்சம் போகுது."

கீழே ஓடினேன். தக்காளி வண்டிக்காரர் அதை வண்டியில் செருகி, தக்காளிக்கு மேல் விரித்து, கொஞ்சம் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தார். "நல்ல குடைங்க. வெயில் அடிக்கல, ஆனா வெளிச்சம் உள்ள வருது. பழம் எப்படி இருக்கு பாருங்க!" உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. என் கையில் அந்தக் குடை ஒருநாளும் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. திரும்ப வாங்குவதற்கு இரண்டு கிலோ தக்காளி வாங்கவேண்டியிருந்தது.

கேட்டாயே, வீட்டில் என்ன சொன்னாள் என்று. "குடை எடுத்துட்டுப் போனவர் தக்காளியோட வர்றாரு. நாளைக்குக் கேமராவை எடுத்துட்டுப் போங்க, அரிசி தீரப்போகுது."

அவளைப் பின்னறையில் நிறுத்தி எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். சுவரை ஒட்டி நிறுத்தியது தவறு. கொக்கியில் தொங்கிய துணிப்பையின் நிழல் தலைக்குப் பின்னால் விழுந்து இரண்டு கொம்பு முளைத்துவிட்டது. "இதை ஒருத்தர் கண்ணுலயும் காட்டக்கூடாது" என்று சத்தியம் வாங்கினாள். ஒரே ஒரு பிரதிதான் போட்டேன். பத்திரமாக வை.

உன் தம்பி


பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழங்கால் வலிக்கவே இல்லை. மருந்துக்குப் பதிலாக மாதம் இரண்டு எழுது.

மேலாளர் அப்புறம் என்ன செய்தார்? வயிற்றை எப்போது விட்டார்? தக்காளிக்காரருக்கு எவ்வளவு வயதிருக்கும்? கொம்பு அருமை. அவளிடம் நான் பார்த்ததாகச் சொல்லாதே, பாவம்.

இப்படி வேறு ஏதாவது நடந்தால், சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாதே. படம் இருந்தால் அதையும் அனுப்பு.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். நீ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

முதலில் சிரிப்புச் செய்தி. வகுப்பில் இப்போது புதிதாக ஒரு பாத்திரம். வாத்தியாரிடம் படிக்கிற யாரோ ஒருவராம், குடை மாமா என்று பெயர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பாடத்தையும் அவர் செய்த தவறில்தான் தொடங்குகிறார். ஆற்றங்கரையில் அவருடைய குடை பறந்து போய்விட்டதாம். மீன்காரர் ஒருவர் அதைத் தன் மீன்களுக்கு மேல் விரித்துக்கொண்டு, "மீன் எப்படி இருக்கு பாருங்க" என்றாராம். விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? என் குடையும் பறந்தது உண்மைதான். ஆனால் அது தக்காளி.

குடை மாமாவுக்காகவே ஆட்கள் வகுப்பில் சேருகிறார்களாம். எங்கள் அலுவலகத்தில் உணவு இடைவேளையில் இதே பேச்சு. என்னைப் பார்த்ததும் எல்லோரும் கூடுதலாகச் சிரிக்கிறார்கள். அந்தத் துறையில் இருப்பவன் என்கிற மரியாதை போலும்.

இனி எழுதப்போவது வேறு. இந்த ஸ்டாண்டும் குடையும் எதற்கு என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குட்டிக்குச் சின்ன வயதில் கொதிநீர் பட்டு இடது கன்னத்தில் தழும்பு விழுந்ததிலிருந்து அவள் படத்துக்கு நிற்பதில்லை. பள்ளியில் எடுத்த படங்களில் எல்லாம் யாருடைய தோளுக்காவது பின்னால் இருப்பாள். கேமராவின் தலையில் இருக்கும் ஃப்ளாஷ் அந்தக் கன்னத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். விளக்கைத் தனியே கழற்றி நகர்த்தலாம் என்று எங்கோ படித்த அன்று தொடங்கியதுதான் இதெல்லாம்.

போன ஞாயிறு அவளாகவே பின்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கை அவளுக்கு வலப்பக்கம் உயரத்தில் வைத்து, குடையின் விளிம்பு வெளிச்சம் மட்டும் முகத்தில் படும்படி சற்றுத் திருப்பினேன். இடது கன்னம் நிழலுக்குள் போயிற்று. அவள் சொன்னாள்: "அந்தப் பக்கம் அப்படியே இருட்டுல இருக்கட்டும்பா. அதுக்கு இருட்டு பழக்கம்."

எடுத்த படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "எனக்கு அனுப்புங்க" என்றாள். பத்தொன்பது வயதுக்குள் அவள் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் படம் அது. "நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா" என்றும் கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். நீ 'யாரோ' இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. வேறு குறை இல்லை.

இந்த மாதம் வேலை நெருக்குகிறது. எழுதிக் கொடுக்கக் கொடுக்க இன்னும் வேண்டும் என்கிறார்கள். நீண்ட கடிதம் எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். "அதுக்கு இருட்டு பழக்கம்" என்பது அவள் சொன்ன வார்த்தை அப்படியேதானா, இல்லை நீ கொஞ்சம் சேர்த்தாயா?

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா


மே 17

அன்புள்ள அக்கா,

உன் கண் தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது.

பதில் தாமதமாகிவிட்டது. நீ கேட்டதற்கு விடை: அவள் சொன்ன வார்த்தை அப்படியேதான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

வகுப்பைப் பற்றி எழுதச் சொல்வாயே. போன மாதக் கடைசியில் நிழலைப் பற்றிய பாடம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அதை இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். குடை மாமாவுக்கு ஒரு மகள் இருக்கிறாளாம். அவளுக்குக் கன்னத்தில் தழும்பாம். வாத்தியார் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு இருட்டு பழக்கம்" என்றார். நல்ல இடத்தில் நிறுத்தினார். எழுதிக் கொடுத்தவர் அங்கே ஒரு கோடு போட்டிருக்கவேண்டும். கீழே ஆயிரக்கணக்கில் அழுகிற முகங்களும் இதயங்களும்.

எப்படி எடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு படமும் காட்டினார். பெண்மணியின் முகத்தைக் கண்ணியமாக மங்கலாக்கியிருந்தார்கள். பின்சுவரில் நிழல் மட்டும் பளிச்சென்று இருந்தது. கொக்கி, துணிப்பை, இரண்டு கொம்பு. இப்போதெல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒரே கொக்கியைத்தான் விற்கிறார்கள் போலிருக்கிறது. பாடத்தை முடிக்கும்போது, "சரி, கழுதை போகட்டும்" என்றார். அது அத்தான் வாயிலிருந்து உன் வாய்க்கு வந்த சொல், நம் வீட்டோடு சரி என்று நினைத்திருந்தேன். இவ்வளவு தூரம் பரவியிருப்பது அத்தானுக்குப் பெருமைதான்.

அந்தப் பாடத்தைக் கல்லூரித் தோழி ஒருத்தி குட்டிக்கு அனுப்பியிருக்கிறாள், 'எவ்வளவு உருக்கமா இருக்கு பாரேன்' என்று. குட்டி என்னிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்டாள். "எத்தனை பேர்கிட்டப்பா சொன்னீங்க?"

ஒருவரிடம் என்று சொல்லியிருக்கலாம். யாரிடம் என்று கேட்டிருப்பாள். அத்தை என்றால் அவளுக்கு எவ்வளவு உயிர் என்று உனக்கே தெரியும். "ஞாபகமில்லை" என்றேன்.

அவள் போனிலிருந்து அந்தப் படத்தை அழித்துவிட்டாள். என் கேமராவிலிருந்தும் அழிக்கச் சொல்லி, அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். இந்த மாதம் முதல் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். சாப்பாடு நன்றாக இருக்கிறதாம், அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

மாத்திரையை விடாதே.

உன் தம்பி


ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

இங்கே மழை விடாமல் பெய்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகி, ஆள் வந்து சரிசெய்து, மறுபடி ஒழுகி, மறுபடி ஆள் வந்தான். அதில் நாட்கள் போய்விட்டன. முழங்கால் ஈரத்துக்கு முனகுகிறது.

குட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி விடுதிக்கே அனுப்பியிருக்கிறேன். விடுதி அறைகள் குளிரும். கிடைத்ததாக எனக்குப் போன் செய்தாள். நன்றாகத்தான் பேசினாள். உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை.

நீ எழுதுவதை நிறுத்திவிடாதே. உன் கடிதம் வராமல் போனால் எனக்கு (இங்கே ஒரு வரியை அடித்துவிட்டேன், மை கொட்டிவிட்டது).

அப்புறம், புதிதாக ஒன்றும் நடக்கவில்லையா? எதுவும் கீழே விழவில்லையா? வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லையா?

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

புதிய மேலாளரின் படம் எடுத்தேன். ஷட்டர் வேகம் சரியாக இருந்தது. ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்டியிருந்ததால் குடை பறக்கவில்லை. சுவரிலிருந்து தள்ளி நிறுத்தியதால் நிழல் விழவில்லை. படம் நன்றாக வந்தது. மேலாளர் நன்றி சொன்னார். வீட்டில் படத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


ஆகஸ்ட் 4

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அரைப் பக்கம். கவரைக் கிழித்து உள்ளே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

"நல்லா இருக்கு"ன்னு உன் பெண்டாட்டி சொன்னாளா? அவளா? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் ஏதாவது சேர்த்திருப்பாளே. சேர்க்காமல் விட்டாளென்றால் அவளுக்கு உடம்பு சரியில்லை, மருத்துவரிடம் காட்டு.

தக்காளிக்காரர் எப்படி இருக்கிறார்? அந்தப் பக்கம் நீ போவதே இல்லையா? மேலாளருக்குப் பூனை, நாய் ஏதாவது உண்டா? படம் எடுக்கும்போது குறுக்கே வந்திருக்குமே. தம்பி, பிறந்ததிலிருந்து நீ ஒரு காரியத்தையும் இப்படி ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லையா?

இவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். சீக்கிரம் எழுது.

அக்கா


அக்டோபர் 5

அன்புத் தம்பிக்கு,

உன் கார்டு கிடைத்து ஒரு மாதமாகிறது. "எல்லாம் சரி. படங்கள் நன்றாக வருகின்றன." அவ்வளவுதான். போனில் பேசுகிற மாதிரியே எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாய். திருத்துவதற்கு அதில் ஒரு பிழைகூட இல்லை.

என் எழுத்து வேலை முடிந்துவிட்டது. நானே கொஞ்ச நாள் கற்பனை செய்து எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். முன்னே மாதிரி இல்லை, ஆள் உயிரோடு இல்லாத மாதிரி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் எழுதினார்களாம். இந்த மாதத்தோடு போதும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். என்னிடம் கேட்டதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை. கொடுத்ததெல்லாம் நான்தான்.

வீட்டுக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. மாடிப்படியும் என்னால் ஆகவில்லை. உனக்குச் சிரமமாக இருக்குமென்றால் தயங்காமல் எழுது, வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்கிறேன். பின்னறை இன்னும் இருக்கிறதா?

குட்டியிடம் நான் ஒன்று சொல்லவேண்டும். போனில் இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

சுகம். சிரமம் ஒன்றுமில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலை ரயிலடிக்கு வந்துவிடுகிறேன். பெட்டியை நீ தூக்காதே.

குட்டிக்கு அவள் அம்மா தகவல் சொன்னாள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அந்த வாரச் சனிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறாளாம். மே மாதத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. உனக்குப் பிடித்ததைச் சமைக்கவேண்டும் என்று அம்மாவிடம் பட்டியல் சொல்லியிருக்கிறாள். அத்தை வருவதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவளிடம் நீ ஒன்றும் சொல்லவேண்டாம்.

பின்னறையைக் காலி செய்து கட்டிலை மறுபடி பொருத்திவிட்டேன். சுவர்க் கொக்கி அங்கேயேதான் இருக்கிறது, பையை மாட்டிக்கொள்ளலாம். கேமராவையும் ஃப்ளாஷையும் அலுவலகத்தில் தட்டச்சுக்காரர் வாங்கிக்கொண்டார். ஸ்டாண்டைத் தலைமாட்டில் நிறுத்திக் கொசுவலை கட்டியிருக்கிறேன். குடையைத் தக்காளிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி